முதன்மைப் பராமரிப்பாளர்

நாகமணிக்கு ஆதரவு போதாது என்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவர் திரு. கிருபாகரன். அதுவரைக்கும் அவளுக்கு அது தெரியாது.

கொட்டாஞ்சேனையில் கோயில் மதிலை ஒட்டிய ஒரு தோட்டத்தில் அவள் குடியிருந்தாள். கொழும்பில் தோட்டம் என்றால் செடி கொடி ஒன்றும் இல்லை. ஒரு முடுக்கு, இரண்டு பக்கமும் தகரக் கூரை வீடுகள், நடுவில் எல்லோருக்குமாக ஒரு தண்ணீர்ப் பைப், அவ்வளவுதான். அசல் தோட்டத்திலிருந்து, அதாவது ஹட்டன் பக்கத்துத் தேயிலை மலையிலிருந்து, அவளைக் கட்டிக்கொண்டு வந்த புருஷன் கட்டாருக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். விடியமுன் பஸ் ஏறி, வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் வீடு வீடாகக் கூட்டித் துடைத்துவிட்டு, இருட்டிய பிறகுதான் அவள் திரும்புவாள்.

இந்த லட்சணத்தில் மகன் தர்ஷன் பதினான்கு வயதுவரை எப்படி வளர்ந்தான் என்று யாராவது கேட்டிருந்தால், அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரிந்திருக்காது. பக்கத்து வீட்டுப் புளோறன்ஸ் விற்பதற்குச் சோற்றுப் பார்சல் கட்டும்போது அவனுக்கும் ஒன்று கட்டிவிடுவாள். பள்ளி விட்டு வந்தால் மேல்மாடி பீபி ஜன்னலில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றினானா, யாரோடு கதைக்கிறான், பந்தோடு எந்தப் பக்கம் போகிறான் என்று இருட்டும்வரை குரல் கொடுத்துக்கொண்டே இருப்பாள். அந்தக் குரலுக்குப் பயந்து தெருநாய்கூட முடுக்குக்குள் ஒழுங்காக நடந்தது.

தோட்டத்தில் ஒரு வழக்கமும் இருந்தது. சண்டைக் காலத்துச் சுற்றிவளைப்புகளில் பிறந்தது என்பார்கள். காக்கிச் சட்டை ஒன்று முடுக்குக்குள் வந்து, ஒரு பையனின் தோளைப் பிடித்து "காகேத?" என்று கேட்டால், அதாவது யாருடைய பிள்ளை என்று கேட்டால், கிட்ட நிற்கிற பெண் யாராக இருந்தாலும் "மகே புத்தா", என் மகன், என்று சொல்லிவிட வேண்டும். பெற்றவளைத் தேடிக்கொண்டிருந்தால் பையன் ஜீப்பில் ஏறிவிடுவான். தோட்டத்துப் பெண்கள் எல்லோருக்கும் பிழையில்லாமல் தெரிந்த சிங்களம் அந்த இரண்டு சொல்தான். புளோறன்ஸ் கல்யாணமே கட்டாதவள். இந்தக் கணக்கில் அவளுக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போதுமான பிள்ளைகள் இருந்தன.

ஒரே ஒரு வாரம் எல்லாம் பிசகியது. பீபி நீரிழிவென்கிற சீனி வருத்தம் கூடி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். புளோறன்ஸ், தங்கச்சி மகளுடைய முதல் நன்மைப் பூசைக்கென்று வத்தளைக்குப் போய்விட்டாள். ஜன்னலும் இல்லை, பார்சலும் இல்லை. அந்த வாரம் ராகுலன் என்கிற ஓட்டோக்காரன் தர்ஷனுக்குக் கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்து, கொம்பனித்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். ராகுலன் வீட்டு வாசல்களில் பித்தளைத் தண்ணீர் மீட்டரைக் கழற்றுவான். பையன் மூலையில் நின்று, ஆள் வந்தால் விசில் அடிக்க வேண்டும். பொலிஸ் வந்தது. அவன் விசிலும் அடித்தான். ராகுலன் ஓடிவிட்டான். "காகேத?" என்று பொலிஸ் கேட்டபோது அந்தத் தெருவில் வாய் திறக்க ஒரு பெண் இல்லை.

புதுக்கடை கோட்டில் நீதவான் அம்மா பையனை ஏசி, தாயோடு அனுப்பினார். நிபந்தனை ஒன்றுதான். தாய் ஓர் ஆதரவுப் பயிற்சியை முடிக்க வேண்டும். பையன் மறுபடியும் பிடிபட்டால் சான்றுபெற்ற பாடசாலை என்கிற சீர்திருத்தப் பள்ளிக்குத்தான் போவான். அந்தப் பாடசாலைக்கு மதில் உயரம் என்று நாகமணி கேள்விப்பட்டிருந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு இருந்தது ஒரே பயம், அந்த மதில்.

இப்படித்தான் திரு. கிருபாகரன், பணிப்பாளர், தாய்மைச் சமூக ஆதரவு மேம்பாட்டு மையம், முடுக்குக்குள் வந்து சேர்ந்தார். மையம் வெள்ளவத்தையில் ஒரு சாரிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. அவர் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பைப்படியில் நின்ற தர்ஷனைக் காட்டி, "இந்தப் பிள்ளையின் தாய் யார்?" என்று கேட்டார். கழுத்தில் அட்டை தொங்கியது. தோட்டம் அதைக் காக்கியாகவே எடுத்துக்கொண்டது.

"என்ட புள்ள. எனத்துக்கு?" என்றாள் பீபி ஜன்னலிலிருந்து.

"என்ர பிள்ளைதான். ஏன், என்ன செய்தவன்?" என்று சோற்றுக் கரண்டியோடு வந்தாள் புளோறன்ஸ்.

பைப்படியில் நின்ற மற்ற இரண்டு பெண்களும் சேர்ந்து, "மகே புத்தா" என்றார்கள். நாகமணி வாளியை வைத்துவிட்டு, "நான்தாங்க சேர்" என்றபோது, கிருபாகரன் ஏற்கெனவே தாய்மைக் குழப்பம் என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"அம்மா, ஆராய்ச்சி என்ன சொல்லுது? தாய்க்குச் சமூக ஆதரவு இருந்தால் பிள்ளை தடம் மாறாது. உங்கட பிள்ளை தடம் மாறிட்டுது. ஆகவே உங்களுக்கு ஆதரவு இல்லை. இது நான் சொல்லுறது இல்லை, ஆராய்ச்சி சொல்லுறது."

"பீபி அக்கா இருக்காங்களே சேர்."

"அவ பதிவு செய்யப்பட்ட ஆதரவா?"

"அவங்க மாடில இருக்காங்க சேர்."

கிருபாகரன் இரக்கத்தோடு சிரித்தார். பதிவில்லாத ஆதரவு, மருந்தில்லாத ஊசியைப் போன்றது, குத்தும், குணமாக்காது என்று சொன்னார். பிறகு, நாகமணிக்குச் சோறு கொடுப்பதாகவும் பிள்ளை பார்ப்பதாகவும் சொல்லிக்கொள்கிற எல்லோரும் வகுப்புக்கு வந்தால்தான் அவளுடைய பயிற்சி செல்லும் என்றும், ஆதரவு ஒரு கூட்டுச் செயல் ஆகையால் ஒருவர் பெயில் என்றால் குழு முழுக்கப் பெயில் என்றும் விளக்கினார்.

வகுப்பு பின்னேரம் மூன்றிலிருந்து ஆறு மணிவரை. பள்ளி விட்டு வந்த பிறகு இருட்டும்வரை உள்ள நேரத்தில்தான் பையன்கள் கெட்டுப்போகிறார்கள் என்று ஆராய்ச்சி கண்டுபிடித்திருந்தது. ஆகவே அந்த முக்கியமான நேரத்தையே மையம் வகுப்புக்கு ஒதுக்கியிருந்தது.

"நான் புள்ளயப் பாத்துக்கிட்டு ஈக்கிறேன். பாக்கிறது எப்படீண்டு படிக்க நான் போனா, புள்ளய யாரு பாக்கிற?" என்று கேட்டாள் பீபி.

இந்தக் கேள்விக்கு மையத்தில் பாடம் இல்லை. பீபி வாயால் மறுத்தாலும் கால் மறுக்கவில்லை. வீங்கிய காலை இழுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, தர்ஷனுக்காக வெள்ளவத்தைப் படி ஏறினாள். புளோறன்ஸ் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். நாகமணி வேலை செய்த வீட்டு மிஸ்மாரின் கையிலும் காலிலும் விழுந்து, பின்னேர வேலையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டாள்.

முதல் வகுப்பில் கிருபாகரன் ஒரு கேள்வி கேட்டார். "தாய் என்பவர் யார்?"

"பெத்தவங்க சேர்" என்றாள் நாகமணி.

"பிழை."

"வளர்க்கிறவ" என்றாள் புளோறன்ஸ்.

"அதுவும் பிழை. தாய் என்பவர் முதன்மைப் பராமரிப்பாளர். எங்கே, எல்லோரும் சொல்லுங்கள்."

எல்லோரும் சொன்னார்கள். பீபியின் நாக்கு அந்தச் சொல்லில் இரண்டு தரம் தடுக்கி விழுந்தது. கிருபாகரன் மேடையில் நடந்துகொண்டே பேசினார். "அன்பு என்பது ஆபத்தான சொல், அம்மாமாரே. அன்பை அளக்க முடியாது. அளக்க முடியாததை அறிக்கையில் போட முடியாது. அறிக்கையில் போட முடியாத ஒன்றை உங்கள் பிள்ளைக்குக் கொடுத்து நாங்கள் என்ன செய்வது?" இதற்கு எல்லோரும் கை தட்ட வேண்டியிருந்தது.

தோட்டத்தின் தாய்மைக் குழப்பத்தைத் தெளிய வைக்க, எல்லைப் பயிற்சி என்று தனியாக ஒன்றும் நடந்தது. வகுப்பு முடியும்போதெல்லாம் ஆதரவாளர்கள் எழுந்து நின்று, தேவாரம் மாதிரி ஒரே குரலில் சொல்ல வேண்டும்: "நான் தாய் அல்ல. நான் ஆதரவாளர் மட்டுமே. பொறுப்பு முதன்மைப் பராமரிப்பாளருடையது." முதல் தடவை பீபிக்குக் கண் கலங்கிவிட்டது. போகப் போகப் பழகிவிட்டது. பழகாத பேய் உண்டா என்ன?

ஜன்னல் காலியான முடுக்கு எப்படி இருக்கும்? பீபியின் கடைசி மகன் ஷிஹான் பள்ளிக்கூடக் கண்ணாடியை உடைத்தான். பைப்படிக்காரிகள் இருவரின் பையன்கள் பஸ்ஸுக்குக் கல் எறிந்து பிடிபட்டார்கள். அவர்களுடைய தாய்மாருக்கும் ஆதரவு போதாது என்று தெரியவந்து, அவர்களும் வகுப்புக்கு அழைக்கப்பட்டார்கள். அவர்கள் போனதும் அடுத்த வீட்டுப் பையன்கள் கெட்டார்கள். ஓர் ஆவணி மாதத்துக்குள் மூன்று மணிக்குப் பிறகு முடுக்கில் வளர்ந்த பெண் என்று ஒருத்தியும் இல்லை. மையத்தில் கதிரை போதவில்லை. "எங்கள் சேவைக்கான தேவை எவ்வளவு பெரியது பார்த்தீர்களா!" என்று கிருபாகரன் பூரித்துப்போய், பெரிய மண்டபம் ஒன்றைத் தேடத் தொடங்கினார்.

செவிமடுத்தல் பாடம் வந்தது ஒரு வியாழக்கிழமை. ஆளுக்கொரு பிளாஸ்டிக் பொம்மை கொடுத்தார்கள். கைபேசி செவிமடுத்தலின் எதிரி என்பதால், எல்லாருடைய போனையும் நிறுத்தி வாசலில் ஒரு கூடைக்குள் போடச் சொன்னார்கள்.

"சேர், மவன் ஒருவேள கூப்பிட்டா..." என்று இழுத்தாள் நாகமணி.

"அம்மா, உங்கட பிள்ளை உங்கட மடியில இருக்குது. அது ஏதோ சொல்ல வருது. கண்ணைப் பாருங்கோ. தலையை ஆட்டுங்கோ. குறுக்கிட வேண்டாம்."

நாகமணியின் பொம்மைக்கு ஒரு கண் மூடாது. அவள் அந்தக் கண்ணையே பார்த்தாள். தலையை ஆட்டினாள். அந்தப் பொம்மை இரண்டு மணித்தியாலம் ஒன்றுமே சொல்லவில்லை. அவளும் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. கிருபாகரன் அவளை எழுப்பி மற்றவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டினார். படம் எடுத்தார்கள். பள்ளிக்கூடத்திலும் வாங்காத பாராட்டு. அவளுக்கு வெட்கமாகவும் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன்?

படியிறங்கிப் போனை உயிர்ப்பித்தபோது, முடுக்குக் கடைக்காரர் பதியுதீன் நானாவின் இலக்கத்திலிருந்து மூன்று தவறிய அழைப்புகள் என்று செய்தி வந்தது. திருப்பி எடுத்தாள்.

"புள்ள, ஒங்கட மகன் தான் என்ட போன்ல அடிச்ச. ராகுலன் வந்து நிக்கிறான், கூட வராட்டி காட்டிக் குடுத்ததுக்கு அடிப்பேங்கிறான், அம்மாவ வரச்செல்லுங்க நானாண்டு அழுதான். ஒங்கட போன் வேல செய்யல்ல. பீபிடதும் இல்ல, புளோறன்ஸ்டதும் இல்ல. மாடிக்கு ஏறிக் கதவயும் தட்டிப் பாத்தேன். ஒருத்தரும் இல்லயே! நான் ஜமாத்துத் தொழுகைக்குப் போய்ட்டு வாறதுக்குள்ள புள்ளயக் காணல்ல."

நாகமணி காலி நகருக்குப் போகிற வீதியின் நடைபாதையில் அப்படியே குந்திவிட்டாள். மகன் கூப்பிட்ட நேரத்தில் அவள் பொம்மையிடம் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். மகன் அழுத நேரத்தில் அவளுக்குக் கை தட்டினார்கள். "ஐயோ, நான் பாவி" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டதை, பஸ்ஸுக்கு நின்றவர்கள் புருஷனோடு ஏதோ சண்டை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்று இரவே தர்ஷன் பிடிபட்டான். மீட்டர் இருந்த பை அவன் கையில். ஓடத் தெரிந்தவன் இந்தத் தடவையும் ஓடிவிட்டான்.

வழக்கு நாளில் தோட்டமே புதுக்கடைக்கு வந்தது. பீபி புது அபாயா போட்டிருந்தாள். புளோறன்ஸ் கழுத்தில் செபமாலை. கிருபாகரனும் வந்து பின் வரிசை வாங்கில் உட்கார்ந்தார். வரும் வழியில் அவர் பெண்களுக்குப் புத்தி சொல்லியிருந்தார். "படிச்சதை மட்டும் சொல்லுங்கோ. ஒரு சொல்லுப் பிசகினாலும் பயிற்சி செல்லாது, பொடியன் உள்ளுக்குத்தான்."

நீதவான் அம்மா களைத்துப்போனவர், கெட்டவர் அல்ல. கூண்டில் நின்ற பையனைப் பார்த்தார். தாயைப் பார்த்தார்.

"நீ வேலைக்குப் போனால் இவனை யார் பார்ப்பது?" என்று கேட்டார்.

நாகமணி திரும்பிக் கையைக் காட்டினாள். அத்தனை பெண்களும் எழுந்து நின்றார்கள். நீதவான் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. இத்தனை பேர் இருந்தால் பையனை வீட்டுக்கே அனுப்பலாமே என்று அவர் நினைத்தது போலத்தான் இருந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவர்களைப் பார்த்து நேராகவே கேட்டார்.

"மே லமயா காகேத?"

இந்தப் பிள்ளை யாருடையது? முடுக்குக்குள் எத்தனையோ தரம் கேட்ட அதே கேள்வி. தர்ஷன் தலையை நிமிர்த்தினான். இதற்கு என்ன பதில் வரும் என்று பிறந்த நாளிலிருந்து அவனுக்குத் தெரியும். அவன் தாயைப் பார்க்கவில்லை, பீபியைப் பார்த்தான். பீபியின் வாய் திறந்தது. "ம..." என்று ஒரு சத்தம்கூட வந்தது. பின் வாங்கில் கிருபாகரன் இருமினார்.

"நான் தாய் அல்ல" என்றாள் பீபி.

அது போதும், மற்றவர்களின் வாயும் பழக்கத்தில் தொடர்ந்தது. "நான் ஆதரவாளர் மட்டுமே. பொறுப்பு முதன்மைப் பராமரிப்பாளருடையது." கோட்டு முழுக்கக் கேட்கும்படி ஒரே குரலில், ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தார்கள்.

மொழிபெயர்ப்பாளர் அதைச் சுருக்கமாகச் சிங்களத்தில் சொன்னார்: பிள்ளை தங்களுடையது இல்லையாம், தங்களுக்குப் பொறுப்பும் இல்லையாம்.

"மகே புத்தா! அம்மா, மகே புத்தா!" என்று நாகமணி கத்தினாள். அது சரிதான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் விடியமுன் போய் இருட்டி வருகிற ஒருத்தியால் ஒரு பையனைப் பார்க்க முடியாது என்பதும் கோட்டுக்குத் தெரியும். நீதவான் பேனாவை எடுத்தார். சான்றுபெற்ற பாடசாலை. தாயும் ஆதரவாளர்களும் பயிற்சியில் சித்தியடைந்தால் மீண்டும் பரிசீலிக்கப்படும்.

வெளியே வந்ததும் கிருபாகரன் எல்லோருடைய கையையும் குலுக்கினார். "அருமை! ஒராள் கூட எல்லை மீறேல்லை. இதுதான் பயிற்சி!" புளோறன்ஸ் அவரைப் பார்த்த பார்வையில் ஒரு பானைச் சோறு வெந்திருக்கும். பீபி சாப்பாட்டுக் கடையொன்றின் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்ட வாயில வந்திச்சு நாகமணி. வந்திச்சு. நான் முழுங்கிட்டேன்." நாகமணி அவளுக்கு ஆறுதல் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு இல்லை. பீபி கிளினிக்குக்குப் போயிருந்தாள். நாகமணி பைப்படியில் வாளி வைத்திருந்தபோது, முடுக்கு வாயில் ராகுலனின் ஓட்டோ வந்து நின்றது. பீபியின் ஷிஹானை அவன் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். பைப்படியில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நாகமணியின் வாயில் முதலில் வந்ததும் அதுதான்: நான் தாய் அல்ல. அந்தச் சொல் தன் வாய்க்குள் கிடப்பதை அறிந்ததும் அதைத் தரையில் துப்பினாள். வாளியைத் தூக்கி எறிந்துவிட்டு, ஈரச் சேலையோடு ஓடினாள்.

"மகே புத்தா! விடுடா எம்புள்ளய! டேய், மகே புத்தாடா!"

முடுக்கே அதிர்ந்தது. மறந்துபோயிருந்த மற்ற வாய்களும் திறந்துகொண்டன. இத்தனை தாய்மாரை ஒன்றாகப் பார்த்ததும் ராகுலன் ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு ஓடினான். ஷிஹான் நாகமணியின் இடுப்பைக் கட்டிக்கொண்டான். அவள் அவனைக் கட்டிக்கொண்டு, தன்னுடைய மகனை நினைத்து அழுதாள்.

இறுதித் தேர்வு புது மண்டபத்தில் நடந்தது. மேடையில் குத்துவிளக்கு, பின்னால் பதாகை, அதில் பொம்மையைப் பார்த்துத் தலையாட்டுகிற நாகமணியின் பெரிய படம். ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி. எல்லோரும் பாஸாகிக்கொண்டே வந்து, கடைசியில் பீபியின் முறை.

"தாய் என்பவர் யார்?" என்று கேட்டார் கிருபாகரன்.

பீபி காலை ஊன்றி மெதுவாக எழுந்தாள். மேடையைப் பார்க்கவில்லை. கையை நீட்டி நாகமணியைக் காட்டினாள்.

"இந்தா ஈக்கிறா."

"கேள்வி விளங்கேல்லையா? தாய் என்பவர்..."

"விளங்கின. என்ட ஷிஹானுக்கு உம்மா இவ. செல்லச் சொன்னீங்க, சென்னேன்."

புளோறன்ஸ், "அதுதான் சரி" என்று உரக்கச் சொன்னாள். பைப்படிக்காரிகள் தலையை ஆட்டினார்கள், இந்தத் தடவை பொம்மைக்கு இல்லை. கிருபாகரன் முகம் சுருங்கியது. எல்லை மீறல், கூட்டு விதிப்படி குழு முழுக்கப் பெயில், பரிசீலனைக்கு அடுத்த வருஷம்தான் என்று அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

நாகமணியின் வாழ்க்கையில் யாரும் அவளைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த வார்த்தையை அவள் நெஞ்சில் வைத்துக்கொள்ள ஒரு நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை. எழுந்து பீபியிடம் ஓடி, அவள் கையிரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, சரியான பதிலச் சொல்லிருங்கக்கா. ஒங்களக் கும்புடுறேன். எம்புள்ள உள்ளுக்குக் கெடக்கான் அக்கா. அந்தச் சொல்லச் சொல்லிருங்க."

பீபி சால்வை முனையால் நாகமணியின் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு மேடைப் பக்கம் திரும்பி, அந்த நீளச் சொல்லை ஓரிடத்திலும் தடுக்காமல் சொன்னாள்.

"முதன்மைப் பராமரிப்பாளர்."

"பார்த்தீங்களா, வரும்!" என்றார் கிருபாகரன். "எல்லாரும் கை தட்டுங்கோ."

எல்லோரும் தட்டினார்கள். எல்லோரையும் விட உரக்கத் தட்டியவள் நாகமணி.